அனுபவம் குறைவாக உள்ள செவிலியர்களுக்கு வேலை: இராமநாதபுரம் கடலோரத்திலிருந்து அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தொண்டி, தேவிபட்டினம், மண்டபம், பாம்பன், இராமேசுவரம், கீழக்கரை, ஏர்வாடி, சாயல்குடி என்று கடலோரம் முழுக்க நர்சிங் முடித்த பிள்ளைகள் இருக்கிறார்கள். "அனுபவம் எத்தனை வருஷம்?" என்று கேட்டதும் ஃபைலை மூடிக்கொண்டு திரும்பி வருகிறவர்களும் நிறைய. அவர்களும் அவர்களுடைய பெற்றோரும் கேட்கும் கேள்விகளுக்கான பதில்கள் இவை. ஜி.என்.எம். (நர்சிங் டிப்ளமா), பி.எஸ்சி. நர்சிங் முடித்தவர்களை மனத்தில் வைத்து எழுதியிருக்கிறோம். ஏ.என்.எம். (துணைச் செவிலியர் படிப்பு) முடித்தவர்களுக்கு வழி வேறாகும் இடங்களில் அதைச் சொல்லியிருக்கிறோம்.

படிப்பு முடிந்துவிட்டது, ரெஜிஸ்ட்ரேஷன் இன்னும் வரவில்லை. அதற்குள் வேலையில் சேர்ந்துவிடலாமா?

சேர்ந்தாலும் அந்த மாதங்கள் கணக்கில் வராது. அனுபவத்தை எண்ணும் எவரும் தமிழ்நாடு செவிலியர் மற்றும் தாதியர் குழுமத்தில் நீங்கள் பதிவான தேதியிலிருந்துதான் எண்ணுவார்கள். வளைகுடா நாட்டு உரிமம், மத்திய அரசுத் தேர்வு எல்லாவற்றிலும் இதே கதைதான். அதனால் ரிசல்ட் வந்த வாரமே பதிவு வேலையைத் தொடங்கிவிடுங்கள்.

விண்ணப்பிக்கும் முன் பத்தாம் வகுப்பு மார்க்‌ஷீட், கல்லூரிச் சான்றிதழ், ஆதார், பாஸ்போர்ட் நான்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து எழுத்து எழுத்தாகப் பாருங்கள். நம் ஊரில் பெரும்பாலும் சிக்குவது இனிஷியல். மார்க்‌ஷீட்டில் முன்னால் ஓர் எழுத்து மட்டும் இருக்கும், பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் முழுதாக நிற்கும், ஆதாரில் இரண்டும் இருக்காது. பாத்திமா என்ற பெயருக்கு ஆங்கிலத்தில் மூன்று விதமாக எழுத்துக்கூட்டல் இருக்கும். இதை இப்போது திருத்துவது ஒரு மாத அலைச்சல். வெளிநாட்டுச் சரிபார்ப்பில் மாட்டினால் ஆண்டே போய்விடும். பத்தாம் வகுப்பு மார்க்‌ஷீட்டில் இருப்பதை அடிப்படையாக வைத்து மற்றவற்றை அதற்கு ஏற்ப மாற்றுங்கள்.

பதிவை 5 ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். இந்திய நர்சிங் கவுன்சிலின் தேசியப் பதிவேட்டில் கிடைக்கும் தனி அடையாள எண்ணையும் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

ஒரு வருட "நர்சிங் அசிஸ்டென்ட்" டிப்ளமா முடித்திருக்கிறேன். ஸ்டாஃப் நர்ஸ் வேலைக்குப் போடலாமா?

முடியாது. குழுமத்தில் பதிவு செய்யும் தகுதி ஏ.என்.எம்., ஜி.என்.எம்., பி.எஸ்சி. நர்சிங் ஆகியவற்றுக்கும் அவற்றுக்கு மேற்பட்ட படிப்புகளுக்கும்தான் உண்டு. ஒரு வருடப் படிப்பை வைத்து ஊசி போடும் வேலை கொடுக்கும் இடங்கள் இருக்கின்றன. ஏதாவது தவறு நடந்தால் பழி உங்கள் தலையில்தான் விழும், பாதுகாக்க ஒரு பதிவெண்கூட இருக்காது. அங்கே வேலை பார்த்த அனுபவம் எத்தனை ஆண்டானாலும் செவிலியர் அனுபவம் ஆகாது. வயதும் மதிப்பெண்ணும் இடம் கொடுத்தால் ஜி.என்.எம். சேருங்கள். அந்த மூன்று ஆண்டு வீண் இல்லை.

அனுபவமே கேட்காத வேலைகள் எவை?

நினைப்பதைவிட அதிகம். தனியார் மருத்துவமனை வாசலில் கேட்கும் அந்தக் கேள்வியைப் பல அரசு வேலைகள் கேட்பதில்லை.

முதலாவது மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம், எல்லாரும் சொல்லும் எம்.ஆர்.பி. 2012-ல் அமைக்கப்பட்டது. செவிலியர் பணிக்குக் கல்வித் தகுதியும் பதிவும் போதும். வேலை தொகுப்பூதியத்தில் தொடங்கும், நிரந்தர இடம் காலியாகும்போது முறைப்படுத்துவார்கள். அதற்குக் காத்திருக்க வேண்டியிருக்கும் என்பதைத் தெரிந்தே சேருங்கள். நன்றாகப் படிக்கிறவர்கள்கூடக் கோட்டை விடுவது தமிழ்த் தகுதித் தாளில்தான். அதில் 40 சதவீதம் எடுக்காவிட்டால் பாடத் தாளைத் திருத்தவே மாட்டார்கள். ஆங்கில வழியில் படித்தவர்கள் பத்தாம் வகுப்புத் தமிழ்ப் புத்தகத்தை முதலில் எடுக்க வேண்டும். ஏ.என்.எம். முடித்தவர்கள் கிராம சுகாதாரச் செவிலியர் பணி அறிவிப்புக்குக் காத்திருங்கள்.

இரண்டாவது, மாவட்ட நலவாழ்வுச் சங்கம் வெளியிடும் ஒப்பந்தப் பணிகள். ஆரம்ப சுகாதார நிலையச் செவிலியர், இடைநிலை சுகாதாரப் பணியாளர், மக்களைத் தேடி மருத்துவத்தில் நோய்த்தணிப்புச் செவிலியர் என்று வரும். அண்மைக்கால அறிவிப்புகளில் ஸ்டாஃப் நர்ஸுக்கு மாதம் 18,000 ரூபாய். 11 மாத ஒப்பந்தம், பிறகு நீட்டிப்பு. நிரந்தரம் கோர மாட்டேன் என்று எழுதி வாங்குவார்கள். அறிவிப்பு மாவட்ட இணையதளத்தில் வரும், கெடு பெரும்பாலும் இரண்டு வாரத்துக்குள் முடியும். சான்றிதழ்களைத் தேடிக்கொண்டிருந்தால் கெடு போய்விடும். சுய கையொப்பமிட்ட நகல்கள் இரண்டு செட், சாதிச் சான்றிதழ், இருப்பிடச் சான்று, ஆதரவற்ற விதவை அல்லது மாற்றுத்திறனாளி என்றால் அதற்கான சான்று எல்லாவற்றையும் ஓர் உறையில் போட்டு வீட்டிலேயே தயாராக வைத்திருங்கள்.

மூன்றாவது, எய்ம்ஸ் மருத்துவமனைகளுக்கான நார்செட் தேர்வு. பி.எஸ்சி. நர்சிங் முடித்தவர்களுக்கு அனுபவம் தேவையில்லை. ஜி.என்.எம். முடித்தவர்களுக்குக் குறைந்தது 50 படுக்கை உள்ள மருத்துவமனையில் 2 ஆண்டு அனுபவம் கட்டாயம். இந்த 50 என்ற எண்ணை மறக்காதீர்கள், கீழே திரும்ப வரும். முதல்நிலை, முதன்மை என இரண்டு கட்டம். தவறான விடைக்கு மூன்றில் ஒரு பங்கு மதிப்பெண் கழியும். மதுரை எய்ம்ஸின் முதல் மருத்துவ மாணவர்கள் 2022 முதல் இராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரி வளாகத்தில்தான் படித்தார்கள். எய்ம்ஸ் என்றால் டெல்லி என்று நினைத்து ஒதுங்கிக்கொள்ள வேண்டாம்.

நான்காவது, இரயில்வே தேர்வு வாரியத்தின் செவிலியர் பணி. ஜி.என்.எம். முடித்தவர்களும் அனுபவம் இல்லாமலே எழுதலாம். வயது வரம்பும் தாராளம். நார்செட்டுக்கு வயது கடந்துவிட்டவர்கள் இதைத் தவறவிடக் கூடாது.

ஐந்தாவது, 108 ஆம்புலன்ஸில் மருத்துவ உதவியாளர். ஏ.என்.எம்., ஜி.என்.எம்., பி.எஸ்சி. மூவரும் போகலாம். வயது 19 முதல் 30 வரை. எழுத்துத் தேர்வு, உடற்கூறியலும் முதலுதவியும் கேட்கும் நேர்முகம், பிறகு பயிற்சி. ஷிப்ட் 12 மணி நேரம். கை தைரியம் வருவதற்கு இதைவிட நல்ல இடம் குறைவு. ஆனால் வார்டு அனுபவம் கேட்கும் இடங்களில் இதை அப்படியே ஏற்க மாட்டார்கள். ஓராண்டு பார்த்துவிட்டு அவசர சிகிச்சைப் பிரிவுக்கு மாறும் எண்ணம் இருந்தால் நல்ல தொடக்கம்.

வீட்டுப் பக்கத்திலேயே சின்ன நர்சிங் ஹோமில் சேருவதா, மதுரைக்குப் போவதா?

வீட்டில் அம்மா அழுவார்கள் என்று தெரிந்துதான் சொல்கிறோம்: முடிந்தால் முதல் இரண்டு ஆண்டு 100 படுக்கைக்கு மேல் உள்ள இடத்தில் வேலை பாருங்கள்.

பத்துப் படுக்கை நர்சிங் ஹோமில் நீங்கள் ஒருவரே ரிசப்ஷன், மருந்துக் கடை, பில்லிங், ஊசி எல்லாம் பார்ப்பீர்கள். பரபரப்பாக இருக்கும், நிறையக் கற்றுக்கொள்வது போலத் தோன்றும். இரண்டு ஆண்டு கழித்து வெளியே வந்து "வென்டிலேட்டர் பார்த்திருக்கீங்களா, பிளட் டிரான்ஸ்ஃபியூஷன் தனியா போட்டிருக்கீங்களா" என்று கேட்டால் பதில் இருக்காது. முன்னால் சொன்ன 50 படுக்கைக் கணக்கிலும் அந்த இரண்டு ஆண்டு செல்லாது. பல வெளிநாட்டு வேலைகளில் அதைவிடப் பெரிய மருத்துவமனையைக் கேட்பார்கள். உழைப்பு ஒன்றுதான், கணக்கில் ஏறுவது வேறு.

பெரிய இடத்தில் உங்களுக்கு மேலே ஓர் இன்சார்ஜ் சிஸ்டர் இருப்பார், தப்பு செய்தால் உடனே பிடிப்பார். எழுதப்பட்ட நடைமுறை இருக்கும். தொற்றுக் கட்டுப்பாட்டுக்கு ஒரு நர்ஸ் இருப்பார். புதியவர்களைக் கொஞ்ச நாள் ஒரு சீனியரோடு சேர்த்துப் போடுவார்கள். இவைதான் முதல் வேலையில் தேட வேண்டியவை. சம்பளம் அதற்குப் பிறகு.

மதுரைக்குப் போக முடியாத குடும்பச் சூழல் என்றால், இராமநாதபுரத்திலும் பரமக்குடியிலும் ஐ.சி.யு., டயாலிசிஸ், பிரசவ அறை ஏதாவது ஒன்று உண்மையாகவே இயங்கும் மருத்துவமனையைப் பாருங்கள். சேரும் முன் மூன்று கேள்வி கேளுங்கள்: படுக்கை எத்தனை, இரவில் டாக்டர் மருத்துவமனைக்குள் இருப்பாரா, இரவு ஷிப்டில் எத்தனை ஸ்டாஃப். இரவில் டாக்டர் போனில் மட்டும், ஸ்டாஃப் நீங்கள் ஒருவர் மட்டும் என்றால், அனுபவம் இல்லாத ஒருவரை அங்கே தனியாக விடக் கூடாது. உங்களுக்கும் ஆபத்து, நோயாளிக்கும் ஆபத்து.

இன்டர்வியூவில் என்ன கேட்பார்கள்? எதைத் தயார் செய்வது?

புதியவர்களிடம் அரிய நோய்களைக் கேட்க மாட்டார்கள். கையும் கணக்கும் சரியாக இருக்கின்றனவா என்றுதான் பார்ப்பார்கள்.

கேனுலா (நரம்பில் போடும் ஊசிக்குழாய்) அளவும் நிறமும்: 18 பச்சை, 20 இளஞ்சிவப்பு, 22 நீலம், 24 மஞ்சள். எதை யாருக்கு என்று சேர்த்துச் சொல்லுங்கள். இரத்தம் ஏற்றவும் பிரசவ இரத்தப்போக்குக்கும் 18, குழந்தைக்கு 24.

டிரிப்ஸ் கணக்கு கட்டாயம் வரும். 500 மில்லி சலைன், 4 மணி நேரத்தில் போக வேண்டும், செட் ஒரு மில்லிக்கு 20 துளி என்றால், 500-ஐ 20-ஆல் பெருக்கி 240 நிமிடத்தால் வகுக்க வேண்டும். நிமிடத்துக்கு ஏறக்குறைய 42 துளி. மைக்ரோ செட்டில் ஒரு மில்லிக்கு 60 துளி, அதனால் மணிக்கு எத்தனை மில்லியோ நிமிடத்துக்கு அத்தனை துளி. "செட் எத்தனை துளின்னு கவர்ல பார்த்துட்டுத்தான் சொல்வேன்" என்று தொடங்குகிறவரை எந்த மேட்ரனுக்கும் (தலைமைச் செவிலியர்) பிடிக்கும்.

குழந்தைக்குப் பாரசிட்டமால்: கிலோவுக்கு 15 மில்லிகிராம். 12 கிலோ குழந்தைக்கு 180 மில்லிகிராம். 5 மில்லியில் 250 உள்ள சிரப் என்றால் 3.6 மில்லி, 5 மில்லியில் 125 உள்ளது என்றால் 7.2 மில்லி. பாட்டிலைப் படிக்காமல் "ஒரு மூடி" என்று சொன்னால் அங்கேயே முடிந்தது.

இன்சுலினில்தான் ஆபத்தான தவறு நடக்கிறது. நம் ஊர் இன்சுலின் குப்பிகளில் பெரும்பாலானவை மில்லிக்கு 40 யூனிட், அதற்குச் சிவப்பு மூடி சிரிஞ்ச். 100 யூனிட் மருந்துக்கு ஆரஞ்சு மூடி சிரிஞ்ச். 100 யூனிட் மருந்தைச் சிவப்பு மூடி சிரிஞ்சில் 10 என்ற கோடு வரை இழுத்தால் உள்ளே போவது 25 யூனிட். இரவில் யாரும் பார்க்காத நேரத்தில் சர்க்கரை விழுந்து நோயாளி நினைவிழப்பார். இந்தக் கணக்கை இன்டர்வியூவில் நீங்களாகவே சொல்லிக் காட்டலாம்.

ஆரம்ப சுகாதார நிலையப் பணி என்றால் பிரசவக் கேள்விகள் வரும், ஏனென்றால் அங்கே பிரசவம் பார்ப்பது பெரும்பாலும் செவிலியர்தான். குழந்தை பிறந்ததும் ஆக்ஸிடோசின் 10 யூனிட் தசையில். வலிப்பு வந்த கர்ப்பிணிக்கு மக்னீசியம் சல்பேட்: 50 சதவீத ஆம்பியூல் ஒன்றில் 2 மில்லி, அதாவது 1 கிராம். நரம்பு வழி 4 கிராமுக்கு நான்கு ஆம்பியூல், அதாவது 8 மில்லி, அதோடு 12 மில்லி சலைன் சேர்த்து 20 மில்லியாக்கி மெதுவாகச் செலுத்த வேண்டும். பிறகு ஒவ்வொரு பிட்டத்திலும் 5 கிராம். அடுத்த டோஸுக்கு முன் மூன்றைப் பார்க்க வேண்டும்: முழங்கால் அனிச்சை இருக்கிறதா, மூச்சு நிமிடத்துக்கு 16-க்குக் குறையாமல் இருக்கிறதா, சிறுநீர் மணிக்கு 30 மில்லியாவது வருகிறதா. ஒன்று இல்லாவிட்டாலும் டோஸை நிறுத்தி டாக்டரை அழைக்க வேண்டும். மாற்று மருந்தான கால்சியம் குளுக்கோனேட் 10 மில்லி பக்கத்திலேயே இருக்க வேண்டும்.

இதய நிறுத்தத்தில் 30 அழுத்தத்துக்கு 2 மூச்சு, நிமிடத்துக்கு 100 முதல் 120 அழுத்தம், 5 முதல் 6 செ.மீ. ஆழம், அட்ரினலின் 1 மில்லிகிராம் 3 முதல் 5 நிமிடத்துக்கு ஒருமுறை. மதுரையில் பி.எல்.எஸ். (அடிப்படை உயிர்காப்பு) பயிற்சி ஒரு நாளில் முடியும், அமெரிக்க இதயச் சங்கத்தின் அட்டை 2 ஆண்டு செல்லும். அனுபவம் இல்லாதவர் கையில் வைத்திருக்கக்கூடிய மிகப் பயனுள்ள அட்டை அதுதான்.

நம் கடலோரத்தில் வேலை பார்க்கத் தனியாக என்ன தெரிந்திருக்க வேண்டும்?

பாடப்புத்தகத்தில் ஒரு வரியில் கடந்துபோகும் விஷயங்கள் இங்கே அன்றாடக் கேஸ். உள்ளூர் மருத்துவமனை இன்டர்வியூவில் இவற்றைத் தெரிந்து பேசுகிறவர் தனியாகத் தெரிவார்.

திருக்கை முள் குத்தினால் வலி தாங்க முடியாது. குத்திய இடத்தைச் சுடுநீரில், ஏறக்குறைய 45 டிகிரி வரை, நோயாளி தாங்கும் சூட்டில் அரை மணியிலிருந்து ஒன்றரை மணி நேரம் வைத்தால் விஷத்தின் வலி அடங்கும். குத்துப்பட்ட காலே வலியில் மரத்திருக்கும் என்பதால் சூட்டை அதில் பார்க்கக் கூடாது; மற்றக் காலையோ உங்கள் கையையோ வைத்துப் பார்க்க வேண்டும். முள் உடைந்து உள்ளே நின்றிருக்கும், எக்ஸ்ரே வேண்டும். டி.டி. (டெட்டனஸ் தடுப்பு) ஊசியை மறக்கக் கூடாது. மார்பிலோ வயிற்றிலோ முள் நின்றால் பிடுங்கக் கூடாது.

பாம்புக் கடியில் 20 நிமிட இரத்த உறைவுச் சோதனையைச் செவிலியர்தான் செய்வார். சுத்தமான, காய்ந்த கண்ணாடிக் குழாயில் 2 மில்லி இரத்தம். அசைக்காமல் 20 நிமிடம் வைத்து, பிறகு ஒரே ஒருமுறை சாய்த்துப் பார்க்க வேண்டும். பிளாஸ்டிக் குழாயிலும், சோப்பு போட்டுக் கழுவிய குழாயிலும் இரத்தம் உறையாமல் நின்று தப்பான முடிவு காட்டும். நடுவில் எடுத்து ஆட்டிப் பார்ப்பதும் தவறு. நேரத்தைக் கையில் எழுதிக்கொள்ளாமல் குழாயின் மேலேயே எழுதி ஒட்டுங்கள், ஷிப்ட் மாறினாலும் அடுத்தவருக்குத் தெரியும்.

கடற்பாம்பு இதிலிருந்து வேறு. வலையைப் பிரிக்கும்போது கையில் கடிக்கும். வீக்கம் இருக்காது, வலிகூட அதிகம் இருக்காது. "ஒண்ணுமில்ல தங்கச்சி, ஒரு ஊசி போட்டு அனுப்புங்க" என்பார். சில மணி நேரத்தில் உடம்பெல்லாம் தசைவலி, இமை தொங்குதல், சிறுநீர் கருத்து வருதல் என்று ஆரம்பிக்கும். நம்மிடம் உள்ள விஷமுறிவு மருந்து நாகம், கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் நான்குக்கும்தான். கடற்பாம்புக்கு வேலை செய்யாது. மூச்சையும் சிறுநீரின் நிறத்தையும் அளவையும் பார்த்து எழுதுவதுதான் அந்த இரவில் உங்கள் வேலை. அவரை வீட்டுக்கு அனுப்பக் கூடாது.

பாசி எடுக்கும் பெண்கள் விரல் முழுக்க வெட்டுக்காயத்தோடு, அதுவும் நாலைந்து நாள் கழித்துத்தான் வருவார்கள். பவளப்பாறைத் துணுக்கு உள்ளே இருக்கும். மேலே மருந்து வைத்துக் கட்டினால் போதாது, நன்றாகக் கழுவித் துணுக்கை எடுக்க வேண்டும். ஆடி, தை அமாவாசையில் இராமேசுவரத்துக்கு வரும் முதியவர்கள் வெயிலில் நின்று, விரதத்தோடு, சர்க்கரை மாத்திரையை மட்டும் போட்டுக்கொண்டு மயங்குவார்கள். கேனுலாவைத் தேடும் முன் விரலில் குத்திச் சர்க்கரை பாருங்கள்.

அனுபவம் இல்லாமல் ரெஸ்யூமேயில் என்ன எழுதுவது?

கல்லூரி போஸ்டிங்கை எழுதுங்கள். "மருத்துவமனைகளில் பயிற்சி பெற்றேன்" என்ற ஒரு வரி யாருக்கும் எதுவும் சொல்லாது. எந்த மருத்துவமனை, எத்தனை படுக்கை, எந்த வார்டு, எத்தனை வாரம் என்று எழுதுங்கள். அதன் கீழே செய்முறைகளை மூன்றாகப் பிரியுங்கள்: தனியாகச் செய்தவை, மேற்பார்வையில் செய்தவை, உடனிருந்து பார்த்தவை. பார்த்ததைச் செய்ததாக எழுதாதீர்கள். "கத்தீட்டர் போட்டிருக்கேன்" என்றால் அடுத்த கேள்வி பலூனில் எத்தனை மில்லி தண்ணீர் என்பதாக இருக்கும்.

செய்முறைகளைக் குறித்து வைக்கும் லாக் புக்கைக் கல்லூரி திருப்பிக் கேட்டால் கொடுக்கும் முன் ஒவ்வொரு பக்கத்தையும் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு பக்கத்துக்கு மேல் ரெஸ்யூமே போகக் கூடாது. பதிவெண் முதல் பக்கத்தில், பெயருக்குக் கீழே இருக்கட்டும்.

அனுபவச் சான்றிதழில் என்னென்ன இருக்க வேண்டும்?

மருத்துவமனையின் லெட்டர்ஹெட், உங்கள் பெயர் பாஸ்போர்ட்டில் உள்ளபடி, பதவி, பிரிவு, படுக்கை எண்ணிக்கை, சேர்ந்த தேதி, விலகிய தேதி, முழுநேரப் பணி என்ற குறிப்பு, கையெழுத்திட்டவரின் பெயரும் பதவியும், முத்திரை. "இவர் நல்ல பெண், கடுமையாக உழைப்பவர்" என்பதற்கு அங்கே வேலை இல்லை.

வளைகுடா உரிமத்துக்கு டேட்டாஃப்ளோ என்ற சரிபார்ப்பு உண்டு. அவர்கள் மருத்துவமனைக்கே நேரடியாக எழுதிக் கேட்பார்கள். பதில் வராவிட்டால் உங்கள் சான்றிதழ் உண்மையாக இருந்தும் "சரிபார்க்க இயலவில்லை" என்று நின்றுவிடும். சின்ன நர்சிங் ஹோம்களில் இது அதிகம் நடக்கிறது. எனவே விலகும் நாளிலேயே அங்கே யார் பதில் எழுதுவார், எந்த மின்னஞ்சல் என்று கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். சம்பளம் பேங்கில் வருவதும் பி.எஃப். பிடிப்பதும் பிற்காலத்தில் உங்களுக்கான சாட்சி. கையில் காசாகத் தரும் இடத்தில் இரண்டு ஆண்டு பார்த்ததை நிரூபிக்க ஒரு துண்டுக் காகிதம்கூட இருக்காது.

வேலை பார்க்காத மாதங்களுக்குச் சான்றிதழ் "வாங்கித் தருகிறேன்" என்கிறவர்களை வீட்டு வாசலில் நிறுத்தாதீர்கள். பொய்ச் சான்று பிடிபட்டால் அந்த விவரம் பதிவில் நின்றுவிடும், பிறகு உண்மையான சான்றைக் கொடுத்தாலும் கதவு திறக்காது.

ஒரிஜினல் சான்றிதழைக் கேட்கிறார்கள், இத்தனை காலம் விலக மாட்டேன் என்று பாண்ட் போடச் சொல்கிறார்கள். கொடுக்கலாமா?

ஒரிஜினலைக் காட்டுங்கள், சரிபார்த்ததும் கையோடு வாங்கிக்கொள்ளுங்கள். வைத்துக்கொண்டால்தான் வேலை என்று சொல்லும் இடத்தைத் தவிர்ப்பது நல்லது. அரசுத் தேர்வு தேர்ச்சியாகி சான்றிதழ் சரிபார்ப்புக்கு அழைப்பு வரும்போது அந்த ஃபைல் வேறொருவர் பீரோவில் இருந்து, ஒரு மாதச் சம்பளம் கட்டினால்தான் தருவோம் என்று இழுத்தடிப்பார்கள். வேறு வழியே இல்லாமல் கொடுக்க நேர்ந்தால் ஒவ்வொரு சான்றிதழின் எண்ணும் குறித்த, கையெழுத்தும் முத்திரையும் உள்ள ரசீது வாங்குங்கள்.

வெற்று முத்திரைத்தாளிலும் வெற்றுக் காசோலையிலும் கையெழுத்துப் போடவே கூடாது.

தனியார் மருத்துவமனையில் எவ்வளவு சம்பளம் கேட்கலாம்?

உச்ச நீதிமன்ற உத்தரவின்படி அமைந்த குழு 2016-ல் தந்த பரிந்துரை இது: 200 படுக்கைக்கு மேல் அரசுச் செவிலியருக்குச் சமமான சம்பளம், 100 முதல் 200 வரை அதில் 10 சதவீதத்துக்கு மேல் குறையக் கூடாது, 50 முதல் 100 வரை 25 சதவீதத்துக்கு மேல் குறையக் கூடாது, 50-க்குக் கீழே குறைந்தது 20,000 ரூபாய். இது பரிந்துரைதான், நடைமுறையில் நம் பகுதியில் பல இடங்கள் இதற்குக் கீழேதான் தருகின்றன. இது அநியாயம், அதைச் சொல்லாமல் இருக்க முடியாது. எண்ணைத் தெரிந்து வைத்துக்கொண்டு பேசுங்கள். கூடவே ஹாஸ்டல், சாப்பாடு, இரவுப் பணிக்கான விடுப்பு, பி.எஃப்., இ.எஸ்.ஐ. இவற்றைச் சேர்த்துக் கணக்குப் போடுங்கள்.

கீழக்கரையில் பாதிக் குடும்பம் வளைகுடாவில்தான். நான் இப்போதே போக முடியாதா?

பெரும்பாலான வளைகுடா வேலைகள் பதிவுக்குப் பின் 2 ஆண்டு அனுபவம் கேட்கின்றன. "அனுபவம் வேண்டாம், விசிட் விசாவில் வா, அங்கே போய் மாற்றிக்கொள்ளலாம்" என்று சொல்கிறவர் உங்களை நர்ஸாக அனுப்பவில்லை, வீட்டு வேலைக்கு அனுப்புகிறார்.

2015 முதல் சவூதி, குவைத், கத்தார், ஓமன், ஐக்கிய அரபு அமீரகம் உள்ளிட்ட 18 நாடுகளுக்குச் செவிலியராகப் போகிறவர்களுக்குக் குடிபெயர்வு அனுமதி கட்டாயம், குடிபெயர்வு அனுமதி தேவையில்லாத வகைப் பாஸ்போர்ட் இருந்தாலும் சரி. அரசு நிறுவனங்கள் வழியாகப் போவதுதான் பாதுகாப்பு. தமிழ்நாட்டில் அது 1978 முதல் இயங்கும் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம். உரிமம் பெற்ற தனியார் முகவர்கூடச் சேவைக் கட்டணமாக 30,000 ரூபாயும் அதற்கு ஜி.எஸ்.டி.யும்தான் வாங்கலாம். இலட்சக்கணக்கில் கேட்டால் அது சட்டவிரோதம், மாமா சொல்லிவிட்ட ஆளாக இருந்தாலும்.

ஜெர்மனிக்கு அனுபவத்தைவிட மொழி முக்கியம், பி2 நிலை வரை ஜெர்மன் வேண்டும். வீட்டில் இருக்கும் காலத்தை மொழி படிக்கப் பயன்படுத்த முடிந்தால் அது உண்மையான வழி.

கல்யாணம், குழந்தை என்று நாலு வருஷம் இடைவெளி. இனி எடுப்பார்களா?

எடுப்பார்கள். முதலில் பதிவு காலாவதியாகி இருக்கிறதா என்று பாருங்கள். பி.எல்.எஸ். முடியுங்கள். பிறகு டயாலிசிஸ், தடுப்பூசிப் பிரிவு, வெளிநோயாளர் பிரிவு என்று பகல் வேலை உள்ள இடத்தில் ஆறு மாதம் பாருங்கள். டயாலிசிஸ் செவிலியர் தேவை நம் மாவட்டத்தில் கூடிக்கொண்டே வருகிறது, அங்கே கற்றது எங்கும் செல்லும். இன்டர்வியூவில் இடைவெளியை மறைக்காதீர்கள். "குழந்தை வளர்ப்புக்காக நின்றேன்" என்று ஒரே வரியில் சொல்லிவிட்டு, திரும்பி வர என்ன செய்தீர்கள் என்பதைப் பேசுங்கள். வெளிநாடு என்றால் 2 ஆண்டுக்கு மேற்பட்ட இடைவெளிக்குக் கூடுதல் நிபந்தனைகள் வரும், அதனால் அதற்கு முன் இங்கே வார்டுக்குத் திரும்பிவிடுங்கள்.

ஆண் செவிலியர்களுக்கு?

அவசர சிகிச்சை, ஐ.சி.யு., டயாலிசிஸ், அறுவை அரங்கம், மனநலப் பிரிவு, 108. பிரசவ வார்டை விட்டுத் தேடினால் போட்டி குறைவு.

ஏர்வாடிப் பக்கம் மனநலக் காப்பகத்தில் வேலை இருக்கிறது. சேரலாமா?

2001 ஆகஸ்ட் 6 அன்று அங்கே ஒரு கொட்டகை தீப்பிடித்து, சங்கிலியில் கட்டப்பட்டிருந்த 28 பேர் இறந்தார்கள். அதற்குப் பிறகுதான் அந்தப் பகுதியில் மனநல சேவை மீது அரசின் கவனம் திரும்பியது. உரிமமும், முறையாக வந்து போகும் மனநல மருத்துவரும், மருந்துப் பதிவேடும் உள்ள இடமா என்று பார்த்துச் சேருங்கள். மூன்றும் இருந்தால் மனநலச் செவிலியர் அனுபவம் அரிது, மதிப்பு உண்டு. நோயாளிகளைக் கட்டிப்போட உங்களைக் கேட்டால் அன்றே வெளியே வாருங்கள்.

வேலை கிடைத்துவிட்டது. முதல் மாதம் எதில் மாட்டிக்கொள்வார்கள்?

ஓவர் எடுக்கும்போது, அதாவது ஷிப்ட் மாறி நோயாளிகளின் பொறுப்பை வாங்கும்போது. பழைய ஸ்டாஃப் வேகமாகச் சொல்லிக்கொண்டே போவார், புதியவர் தலையாட்டுவார். அப்படிச் செய்யாதீர்கள். ஒவ்வொரு படுக்கைக்கும் நடந்து போய், டிரிப்ஸ் எவ்வளவு மிச்சம், கேனுலா போட்ட இடம் சிவந்திருக்கிறதா, யூரின் பையில் எவ்வளவு என்று கண்ணால் பார்த்து எழுதிக்கொள்ளுங்கள். பத்து நிமிடம் கூட ஆகும், ஆகட்டும்.

போனில் டாக்டர் சொல்லும் ஆர்டரை எழுதி, திரும்பப் படித்துக் காட்டி, "சரிதானே சார்" என்று கேட்டு உறுதி செய்யுங்கள். பொட்டாசியம் குளோரைடை ஒருபோதும் நேராக நரம்பில் தள்ளக் கூடாது, யார் சொன்னாலும். செய்யாததைக் கேஸ் ஷீட்டில் செய்ததாக எழுதாதீர்கள். காலையில் எல்லா நோயாளிக்கும் ஒரே பி.பி. எழுதியிருப்பதை மேட்ரன் ஒரு பார்வையில் கண்டுபிடித்துவிடுவார்.

தெரியாததைக் கேட்டால் திட்டுவார்கள் என்று பயந்து யூகத்தில் செய்வதுதான் புதியவர்கள் செய்யும் பெரிய தவறு. திட்டினாலும் கேளுங்கள்.

இந்தி தெரிந்திருக்க வேண்டுமா?

இராமேசுவரத்தில் வேலை என்றால் உதவும். வலி எங்கே, எப்போதிலிருந்து, சர்க்கரை இருக்கிறதா, என்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள், கடைசியாக எப்போது சாப்பிட்டீர்கள் என்ற ஐந்து கேள்வியை இந்தியில் கேட்கத் தெரிந்தால் போதும். ஒரு அட்டையில் தமிழ் எழுத்தில் எழுதிச் சட்டைப் பையில் வைத்துக்கொள்ளுங்கள்.